கையைக் கீழே போடு

சத்தம் நின்றதும் தறித்தெருக்காரர்கள் முதலில் நிமிர்ந்து பார்த்தது மின்விசிறியைத்தான். கரண்டு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள், அந்தத் தெருவில் சத்தம் நிற்பதற்கு வேறு காரணம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வீட்டுக்கு வீடு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஊடை நூலைச் சுமந்த நாடாக்கள் பாவுக்குள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பறந்துகொண்டிருந்தன, துணி விரற்கடை விரற்கடையாக வளர்ந்துகொண்டிருந்தது, ஒரு பொட்டுச் சத்தம் மட்டும் இல்லை. டீக்கடையில் ஆற்றிய டீ பஞ்சு மாதிரி விழுந்தது. கறிக்கடை நாய் வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டதுபோல் போய்ப் படுத்துக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தனக்குக் காது போய்விட்டதென்று அழுதார், அழுகையும் காதில் விழாததால் இன்னும் அழுதார்.

அன்றைக்கு, தெருவிலேயே பெரிய தறிப்பட்டறைக்காரரான சென்னியப்பன் புதுத் தறிகள் இறக்கியிருந்தார். பூசை போட்டு, தேங்காய் உடைத்து, பழைய தறி புதுத் தறி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டார். சன்னலுக்குக் கீழே கழிவு நூல் குவியலின் மேல் உட்கார்ந்திருந்த தன்சிகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு முன்னாலும் அவள் எத்தனையோ தடவை காதைப் பொத்தியிருக்கிறாள், அப்போதெல்லாம் தெருவுக்கு என்ன, அவளுக்கேகூடச் சத்தம் சரியாக நின்றதில்லை. இந்தத் தடவை கோயில் வேப்பமரத்திலிருந்து ரேஷன் கடைவரைக்கும் நின்றது. அவள் கையை எடுத்ததும், மாடியிலிருந்து பாத்திர மூட்டையைப் போட்டதுபோல் மொத்தச் சத்தமும் தெருவில் வந்து விழுந்தது.

கைக்கும் சத்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் கண்டுகொண்டவள், அந்தப் பட்டறையிலேயே தறி ஓட்டும் அவளுடைய அம்மா பரிமளா. கண்டுகொண்டு என்ன செய்ய? எட்டு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, சோறென்றால் வெள்ளைச் சோறு மட்டும் தின்கிற பிள்ளை, நூலைக் கொடுத்தால் பொழுதுக்கும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிற பிள்ளை. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொல்லியிருந்தார். தெரு அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி கிறுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது இதையும் சேர்த்துச் சொல்வார்களே என்று பரிமளா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தறித்தெருவில் எது மறையும்? மறுநாள் பட்டாசுச் சத்தத்துக்கு ஒரு தடவை, அதற்கடுத்த நாள் மிக்சி சத்தத்துக்கு ஒரு தடவை என்று பிள்ளை பொத்தப் பொத்த, தெரு மொத்தமும் தெரிந்துகொண்டுவிட்டது.

தெரிந்துகொண்ட தெரு மூக்கில் விரல் வைத்ததா என்றால், அதுதான் இல்லை. அந்த மக்களுக்குச் சத்தமில்லாமல் பேசுவது பிறவியிலேயே வந்த வித்தை. தறி ஓடுகிற இடத்தில் குரல் எடுபடாது, பக்கத்துத் தறிக்காரியிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்பதானாலும் நாத்தனாரைத் திட்டுவதானாலும் உதட்டை அசைத்தால் போதும், எதிரே இருப்பவள் படித்துக்கொள்வாள். அதனால் சத்தம் போனபோது அவர்கள் பேச்சு நிற்கவில்லை, டீக்கடையில் உதட்டால் டீ சொன்னார்கள், தெருக்குழாயில் உதட்டாலேயே சண்டை போட்டார்கள், உதட்டாலேயே கெட்ட வார்த்தையும் சொல்லிக்கொண்டார்கள். "பரவாயில்லீங், காதுக்குக் கொஞ்சம் ஓய்வு" என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஆட்டோ ஒன்று தெருவுக்குள் நுழைந்ததும் ஊமையாகிப்போக, வாக்குறுதி எதுவும் காதில் விழாமல் அது வந்த வழியே போனதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

பரிமளாவுக்கு மட்டும் அந்த அமைதிக்குள் வேறொன்று கிடைத்தது.

ஒரு நாள் பட்டறையில் சத்தம் நின்றிருந்தபோது, எதற்கோ திரும்பியவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக ஆணி அடித்த மாதிரி இறுகிக் கிடக்கும் நெற்றி அவிழ்ந்திருந்தது. காதைப் பொத்திய கைகளுக்கு நடுவில், தூங்கி எழுந்த பிள்ளையின் முகம்போல் அந்த முகம் இருந்தது. அந்த முகத்தில் உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டியது. பரிமளா பத்து வயதிலிருந்து தறியில் நிற்பவள், உதடு படிப்பது அவளுக்குச் சோறு தின்பது மாதிரி. அம்மா, என்றது உதடு. அம்மா, நூல் அந்துபோச்சு.

திரும்பிப் பார்த்தாள். அவள் தறியில் பாவு நூல் ஒன்று அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் தறியை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்து அழுதாள். சத்தம் இல்லாததால் வாய்விட்டே அழுதாள், யாருக்கும் கேட்கவில்லை. எட்டு வருசம் காத்திருந்த வார்த்தை அது. அந்த வார்த்தைக்காக அவள் ஏறாத கோயில் இல்லை, தெரு மாரியம்மனிடம் ஒரு வேண்டுதலும் வைத்திருந்தாள். பிள்ளை ஒரே ஒரு தடவை அம்மா என்று சொல்லிவிட்டால், பண்டிகையில் பூவோடு எடுக்கிறேன், நெருப்பு நிறைந்த சட்டியை இரண்டு கையில் ஏந்தித் தெரு முழுக்க நடந்து உன் வாசலுக்கு வருகிறேன் தாயே என்று.

அன்றிலிருந்து சத்தம் நிற்கும்போதெல்லாம் பரிமளா ஓடிவந்து பிள்ளையின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பிள்ளை பேசியது, குழாயைத் திறந்துவிட்டது மாதிரி பேசியது. சட்டைக் காலர் முள்ளாகக் குத்துகிறது என்றது. புளிக்குழம்பின் வாசனை கண்ணுக்குள் போகிறது என்றது. வளர்மதியக்காவின் தறி மாத்திரம் நொண்டி நொண்டி ஓடுகிறது என்றது. பரிமளா காலரைக் கத்தரித்தாள், புளிக்குழம்பை விட்டாள், இத்தனை நாளும் இந்தப் பிள்ளையை இத்தனை முள்ளின் மேல் வைத்திருந்தோமே பாவி என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். சத்தம் திரும்பியதும் பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும், நெற்றி இறுகிக்கொள்ளும்.

"என்ர புள்ள பேசறாக்கா" என்று பக்கத்துத் தறி வளர்மதியிடம் சொன்னாள்.

வளர்மதி நல்லவள்தான். வந்து எட்டிப்பார்த்தாள். "ஒதடு ஆடுது அம்மிணி. பாலுக்குத் தேடற கொழந்தைக்குக்கூடத்தான் ஆடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதிர்த்தறிக்காரியின் உதட்டில் ஊர்க்கதை முழுவதையும் படிக்கிறவள், கிறுக்கு என்று முடிவுகட்டிய பிள்ளையின் உதட்டில் படிக்க என்ன இருக்கப்போகிறதென்று நினைத்துவிட்டாள். தெருவே அப்படித்தான் நினைத்தது, எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள், வாயை ஒருவரும் பார்க்கவில்லை.

பரிமளாவின் புருசன் அருச்சுனன் சாயப்பட்டறையில் மூட்டை தூக்குகிறவன், உதடு படிக்கத் தெரியாது. "சத்தம் வந்தாத்தான் பேச்சு. சும்மா வாயை அசைச்சா மீனும்தான் அசைக்குது" என்றான். சொல்லிவிட்டு எழுந்து பீடி வாங்கப் போனான்.

நம்பியது ஒரே ஒரு ஆள். பள்ளிக்கூடத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் ஸ்கூட்டரில் வருகிற ஸ்பெஷல் டீச்சர் ஸ்டெல்லா. அவர் அந்த அமைதிக்குள் நின்று பார்த்தார், சத்தம் திரும்பும்வரை காத்திருந்தார், ஆச்சரியப்படவில்லை. "காதைப் பொத்தறது கெட்ட பழக்கம் இல்லீங்க பரிமளா. தாங்க முடியலைன்னு அவ சொல்றது அது. அவ கையை எறக்காதீங்க, முடிஞ்சா சத்தத்தை எறக்குங்க. மிச்சத்தை அவளே பேசுவா."

சத்தத்தை இறக்குவதா, தறித்தெருவிலா? பரிமளா சிரிக்கக்கூட இல்லை.

தெரு மெல்ல மெல்ல அந்த அமைதியை உபயோகிக்கப் பழகியது. மேல்வீட்டு மைதிலிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகன். அவள் ஒரு தட்டில் பஜ்ஜியோடு வந்து, "கொஞ்ச நேரம் பொத்தச் சொல்லு பரிமளா, பையனுக்குக் கணக்குப் பரீச்சை" என்றாள். பிள்ளை பெற்று வந்திருந்த ஒருத்தி மதியத் தூக்கத்துக்குக் கேட்டாள். தலைவலிக்காரர் கேட்டார். சொன்னால் பொத்துகிற பிள்ளையா அது? வலித்தால் பொத்துகிற பிள்ளை. ஒரு நாள் பரிமளா தண்ணீர்க்குடத்தோடு திரும்பி வந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்த தன்சிகாவின் காதோரத்தில் மைதிலி நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வெடவெடவென்று நடுங்கிப் பொத்தியது. தெரு அமைதியானது. மைதிலி திருப்தியாகத் தட்டை இடுக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

பரிமளா குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள், மண்ணை வாரித் தூற்றினாள், சத்தம் நின்றிருந்ததால் ஒன்றுமே கேட்கவில்லை. படித்துக்கொண்டவர்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதன்பின் தெருவில் யாருக்கு அமைதி வேண்டியிருந்தாலும் ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பரிமளா வாசல் கதவைச் சாத்தினால், சன்னலில் அடித்தார்கள்.

இன்னொரு பக்கம் சென்னியப்பனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. தறிக்காரர் துணியைக் காதால்தான் காவல் காப்பார், நூல் அறுந்தால் தறியின் தாளம் மாறும், கை தானாக நிறுத்தும். சத்தம் போனதும் தாளமும் போனது, அறுந்தது தெரியாமல் ஓடி ஓடி, பொத்தல் விழுந்த துணி சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. பரிமளாவின் தறியில் மட்டும் பொத்தல் இல்லை. சன்னலுக்குக் கீழே இருந்து பிள்ளை ஒவ்வொரு தறியாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், மூணாந்தறி அந்துபோச்சு, வளர்மதியக்கா அந்துபோச்சு என்று. பரிமளா ஓடி ஓடித் தன்னால் முடிந்ததை நிறுத்தினாள். "மொதலாளி, புள்ள எல்லாத்தையும் சொல்றாளுங். அவ வாயை மட்டும் பார்த்துக்கிட்டாப் போதுமுங்" என்று கும்பிட்டுச் சொன்னாள். சென்னியப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்ர புள்ளை வாயைப் பார்க்கவா நானு தறி போட்டேன்?" என்றார்.

ஆனாலும் துணிக்காக அவர் பிள்ளையைத் தொடவில்லை. மாரியாத்தாளுக்காகத்தான் தொட்டார்.

மாசியில் பூச்சாட்டி மாரியம்மன் பண்டிகையைத் தொடங்கினார்கள். அன்றைக்கு மேளம் முழங்க, ஆத்தாள் அருள் இறங்கி ஒருத்தி மேல் வந்து பண்டிகைக்கு உத்தரவு கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். மேளக்காரர்கள் முதல் அடி அடித்தார்கள். தெருக்கோடியில் தன்சிகா காதைப் பொத்தினாள். அப்புறம் தோளும் கையும் ஓய அடித்தும் மேளம் ஊமையாகவே இருந்தது. தலையை விரித்துப்போட்டு நின்ற சாமியாடி நின்றபடியே நின்றாள், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தாள், வெயில் ஏறியதும் முடியை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

தெரு ஆடிப்போனது. துணியில் பொத்தல் விழலாம், பண்டிகையில் விழலாமா? சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம் கூடியது.

"மேளம் கேக்காம ஆத்தா எப்பிடி வருவா? வழி தெரிய வேண்டாமா அவளுக்கு?" என்றார் பூசாரி.

"பண்டிகை முடியற மட்டும் புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிடறனுங்" என்றாள் பரிமளா.

"பூச்சாட்டியாச்சு அம்மிணி. இனி எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது. போனா உனக்கு மட்டுமா? ஊருக்கே அம்மை போடும்" என்று பூசாரி மறித்தார்.

விசயம் கேள்விப்பட்டு வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர் எழுந்து, ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், மேளத்தைத் தெருக்கோடிக்குப் போகாமல் திருப்பினால் போதும், பிள்ளை காதுக்கு மாட்டச் சத்தத்தைக் குறைக்கிற ஒரு கருவி இருக்கிறது, அதை நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்லத் தொடங்கினார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "ஒரு கிறுக்குப் புள்ளைக்காக ஆத்தா குசுகுசுன்னு பேசோணுமா டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள். அவர் வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும் என்று அத்தோடு விட்டுவிட்டார்கள்.

கடைசியில் வழி சொன்னது பூசாரிதான், மனதில் கல்மிசம் இல்லாமல்தான் சொன்னார். விரதக்காரர்கள் எல்லோருக்கும் கையில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவதுதானே, இந்தப் பிள்ளைக்கும் கட்டுவோம், ஒரு கைக்கு ஒரு காப்பு என்பதற்குப் பதிலாக இரண்டு கைக்கும் சேர்த்து ஒரே காப்பு. இரண்டு காதையும் சேர்ந்தாற்போல் பொத்த முடியாது, ஆத்தாள் காவலும் ஆயிற்று. கூட்டம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. கயிறு போட்டுக் கட்டு என்று சொல்லியிருந்தால் பாதிப் பேராவது ஐயோ என்றிருப்பார்கள். அதே நூலுக்கு மஞ்சள் பூசியதும் ஒருவருக்கும் மனசு உறுத்தவில்லை.

"ஆகாதுன்னா சொல்லு, ஊட்டைக் காலி பண்ணிக்க" என்றார் சென்னியப்பன். பரிமளா குடியிருந்தது அவருடைய லைன் வீடு, நின்றது அவருடைய தறி. அருச்சுனன் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாளைக்குத்தானே புள்ள" என்றான். பூசாரி இன்னொன்றும் சொன்னார்: "உன்ர வேண்டுதலும் பாக்கி நிக்குதல்லோ? புள்ள அம்மான்னு சொன்னாள்னு நீதானே சொன்னே. பூவோடு எடுத்துப்போடு. ஆத்தாளுக்கு ஒதடு படிக்கத் தெரியாதா?" தெருவில் ஒருவரும் ஒத்துக்கொள்ளாத அந்தப் பேச்சை ஆத்தாளின் கணக்கில் மாத்திரம் ஒத்துக்கொண்டார்கள். அதற்காகவே பரிமளாவுக்கு அவர்மேல் நன்றி வந்தது. பாவி மனசு, எதற்கெல்லாம் நன்றி சொல்கிறது பாருங்கள்.

காப்புக் கட்டுகிற அன்று காலையில் தன்சிகா தானாகவே கையை நீட்டினாள். நூல் என்றால் அவளுக்கு உயிர். மஞ்சளில் நனைத்த புது நூலை மோந்து பார்த்தாள், விரலால் தடவினாள், பூசாரி இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றச் சுற்ற ஒவ்வொரு சுற்றையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டபிறகு விரலை மடக்கி அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பரிமளா வேறெங்கோ பார்த்தாள்.

மேளம் தொடங்கியது. கோயில் வாசலில் பண்டிகைக் கம்பம் நட்டார்கள், வேப்பமரத்தில் கூம்பு கூம்பாக ஸ்பீக்கர் கட்டினார்கள், விடிந்தால் பாட்டு, பொழுது சாய்ந்தால் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். முன்னால் இழந்த சத்தத்துக்கெல்லாம் வட்டி போட்டு வாங்குவதுபோல் தெரு ஆடியது. தன்சிகா கட்டின கைகளை ஒரு பக்கமாகத் தூக்கி ஒரு காதை மறைத்தால் மறு காது திறந்துகொண்டது. தோளைக் காதுவரைக்கும் உயர்த்தினாள். சுவரில் காதை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். அவள் கை கொஞ்சம் மேலே போனாலும், பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும், "கையைக் கீழ போடு" என்று சொல்லி, மணிக்கட்டைப் பிடித்துத் தொடையோடு சேர்த்து அமுக்கினார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, சாமி கண்ணு என்று கொஞ்சிக்கொண்டே அமுக்கினார்கள். சின்னக் குழந்தைகள்கூட விளையாட்டாகக் கற்றுக்கொண்டு, ஓடிவந்து அமுக்கிவிட்டு ஓடினார்கள். ஆத்தாள் தவறாமல் இறங்கினாள், நல்ல மழை பெய்யும் என்று வாக்குக் கொடுத்தாள்.

பூவோடு எடுக்கும் காலையில் பரிமளா ஆற்றில் முங்கி, மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையின் மேல் சட்டியை ஏந்தினாள். நெருப்பு முகத்தைச் சுட்டது. சட்டியை ஏந்தியவள் கோயில் வாசல்வரைக்கும் அதை இறக்கக் கூடாது, நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு வந்து அவள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். மைதிலிகூட ஊற்றினாள், ஊற்றிவிட்டுக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பட்டறை வாசலில் அருச்சுனன் பிள்ளையைத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மேளம் அங்கே வந்ததும் இடம் பார்த்து நின்று வெளுத்து வாங்கியது. சட்டியின் தழலுக்கு மேலாகப் பரிமளா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

உதடு ஒட்டியது. பிரிந்தது. இத்தனை நாளும் அமைதிக்குள் மட்டுமே பேசிய உதடு, முதல் தடவையாக, அத்தனை சத்தத்துக்கு நடுவில் பேசியது. குரல் வந்ததோ இல்லையோ, அந்த மேளத்தில் யாருக்குத் தெரியும்? பரிமளா படித்தாள்.

அம்மா, காதை மூடு.

தனக்குக் கை இல்லாததால் அம்மாவின் கையைக் கேட்டது பிள்ளை. அம்மா, நீ மூடு.

பரிமளாவின் இரண்டு உள்ளங்கையிலும் நெருப்புச் சட்டி இருந்தது. பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிட்டதற்கு நன்றியாக ஏந்திய சட்டி. ஒரு நிமிசம், போட்டு உடைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. பின்னால் ஊரே நடந்து வந்துகொண்டிருந்தது. உடைத்தால் வீடு போகும், தறி போகும், அதைவிட ஆத்தாள் கோபம் பிள்ளைமேல்தானே விழும் என்று நடுங்கினாள். காலில் தண்ணீர் ஊற்றினார்கள். கால் நடந்தது. கடக்கிறவரைக்கும் அந்த உதடு அம்மா மூடு அம்மா மூடு என்று சொல்லிக்கொண்டே இருந்ததைக் கடைக்கண்ணால் படித்தாள், கடந்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் எப்போது நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விட்டு, மஞ்சள் நீராடி, காப்பை அவிழ்த்தார்கள். தன்சிகாவின் மணிக்கட்டில் நூல் தடம் சிவப்பாக இருந்தது. அவிழ்த்த கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. மேலே போகவில்லை. யாரோ சோதிக்க ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். பிள்ளை இமை கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பரிமளா, உன்ர புள்ளை நல்லாயிட்டா! ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா!" என்று தெரு கொண்டாடியது. சென்னியப்பன் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தார். அருச்சுனன் அதைக் கட்டிவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினான். ஸ்டெல்லா டீச்சர் வந்தார், பிள்ளையின் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், கொடுத்த டீயைத் தொடவில்லை. "நல்லாயிட்டான்னு யாருங்க சொன்னது? வலிக்குதுன்னு சொல்றதை நிறுத்திட்டா. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

பரீச்சை நெருங்கியதும் மைதிலி தட்டும் கரண்டியுமாக வந்தாள். காதோரத்தில் எவ்வளவோ அடித்துப் பார்த்தாள். "என்ன பரிமளா இது? ஒரு அஞ்சு நிமிசம் பொத்தினா உன்ர புள்ளைக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று அலுத்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரியும் கேட்டுப் பார்த்தாள். இருந்தபோது ஒரு தொந்தரவு, இல்லாதபோது ஒரு தொந்தரவு, கடைசியில் இந்தப் பிள்ளையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரு முடிவுக்கு வந்து, தன் சத்தத்துக்குத் திரும்பியது.

பரிமளா மறுபடி தறியில் நின்றாள். சன்னலுக்குக் கீழே கழிவு நூலின் மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தாள், விரலில் நூல் இல்லை, கை இரண்டும் மடியில் இருந்தன, வாய் மூடியிருந்தது. பரிமளா நாடாவைப் பார்ப்பதும் அந்த வாயைப் பார்ப்பதுமாக நாளை ஓட்டினாள். ஒரு நாள் தாங்க முடியவில்லை. நூல் அறுந்தால் அறுந்து தொலையட்டும் என்று தறியை ஓடவிட்டுவிட்டு வந்து, பிள்ளையின் எதிரில் மண்டியிட்டு, அன்றைக்கு நெருப்பு ஏந்திய இரண்டு உள்ளங்கையாலும் அந்தச் சின்னக் காதுகளை மூடினாள். தறிகள் கத்திக்கொண்டேதான் இருந்தன. "மூடிட்டேன் கண்ணு. அம்மா மூடிட்டேன். பேசு சாமி" என்று உதட்டை அசைத்து அசைத்துச் சொன்னாள்.

தன்சிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் காதிலிருந்து எடுத்து, தெரு தனக்குச் சொல்லிக்கொடுத்தது போலவே மெதுவாகக் கீழே இறக்கி, அம்மாவின் தொடையோடு சேர்த்து அமுக்கி வைத்தாள்.